ஆழ்கடலின் கண்ணும் விளக்கும்: கல்கத்தாவில் பிரிந்து கிடந்த ஒரு கேள்வி

தென் கொல்கத்தாவின் டாக்குரியா, அறிவியல் வரலாற்று நூல்களில் பெரிதாகப் பேசப்படும் இடமன்று. 1920களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை தோண்டிய பெரிய ஏரி, அதன் கரையில் வளர்ந்த குடியிருப்புகள், புறநகர் ரயில் நிலையம் ஆகியவையே அதன் அடையாளங்கள். மக்கள் நெடுங்காலம் டாக்குரியா ஏரி என்றழைத்த அந்நீர்நிலைக்கு 1958இல் ரவீந்திர சரோபர் என்று பெயர் சூட்டப்பட்டது.

ஏரிக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், நியூ அலிப்பூரில், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைமையகம் இருக்கிறது. டாக்குரியாவைத் தெற்கே கடந்தால் ஜாதவ்பூரில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருக்கிறது. முதலாவது நிறுவனத்தின் பொறுப்பில் வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் அரபிக்கடலிலும் பிடிக்கப்பட்ட ஆழ்கடல் உயிரினங்கள் நூற்றாண்டுக்கும் மேலாகச் சாராயக் குடுவைகளில் காக்கப்படுகின்றன. இரண்டாவது நிறுவனத்தின் பழைய கட்டடத்தில்தான் கடல்நீர் ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்பதற்கான இயற்பியல் விளக்கம் உருவானது.

சூரிய ஒளி எட்டாத ஆழத்தில் வாழும் விலங்குக்குக் கண் எதற்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடலியலை விடாமல் துரத்திய கேள்வி இது. அதற்கான விடையின் ஒரு பாதி விலங்கின் உடலிலும் மறு பாதி நீரின் ஒளியியலிலும் இருந்தது. அவ்விரு பாதிகளும் ஒரு காலத்தில் கல்கத்தா என்ற ஒரே நகரத்தில், நடந்து செல்லக்கூடிய தொலைவில் இருந்தன. ஆயினும் அவை இணைந்தது வேறு நாடுகளில், ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பின்னர். அந்தப் பிரிவின் வரலாற்றை விளக்க முயல்வதே இக்கட்டுரை.

1. கண்ணா, விளக்கா?

1843இல் பிரித்தானிய இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ், ஏஜியன் கடலில் தாம் நடத்திய ஆய்வை முன்வைத்து, ஏறத்தாழ 300 பாகம், அதாவது 550 மீட்டர் ஆழத்துக்குக் கீழே உயிர்கள் இரா என்று கருதினார். அடுத்த முப்பது ஆண்டுகளில் அக்கருத்து சரிந்தது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பலின் வலைகளில் பல ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்தும் உயிர்கள் ஏறி வந்தன.

உயிர் உண்டு என்பது உறுதியானதும் கண்களைப் பற்றிய புதிர் தொடங்கியது. இருளில் வாழும் விலங்குகள் குகை மீன்களைப் போலப் பார்வையற்றவையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. வலையில் வந்தவையோ இரு வகைப்பட்டன. சிலவற்றுக்குக் கண்கள் தோலுக்கடியில் மறைந்திருந்தன. வேறு சிலவற்றுக்கு மேற்பரப்பு மீன்களுக்கும் இல்லாத அளவுக்குப் பெரிய கண்கள் இருந்தன. ஒரே கடலில் இருளின் விளைவு எப்படி இரண்டாக முடியும்? ஆழத்தில் சூரிய ஒளிக்கு மாற்றாக விலங்குகளே உண்டாக்கும் ஒளி இருக்கலாம் என்ற ஊகம் 1870ஆம் ஆண்டையொட்டியே பிரித்தானியக் கடலியலாளரிடையே எழுந்துவிட்டது. ஆனால் அது ஊகமாகவே நின்றது.

ஒளிதரும் உறுப்பையும் ஒளியை உணரும் உறுப்பையும் பிரித்தறிவதே அக்காலத்தில் கடினமாக இருந்தது. ஆழ்கடல் மீன்களின் பக்கங்களில் வரிசையாக அமைந்த புள்ளிகளை 1864இல் ஜெர்மானிய விலங்கியலாளர் லொய்கார்ட் துணைக் கண்கள் என்று கருதினார். கிரில் போன்ற சிறு ஓட்டுடலிகளின் ஒளியுறுப்புகளுக்கும் அதே கதி நேர்ந்தது. அவை ஒளியை வெளிவிடுபவை என்பது 1880களில் நார்வே நாட்டு சார்ஸ் முதலியோரின் ஆய்வுகளால்தான் தெளிவாயிற்று. மறுபுறம், 'சேலஞ்சர்' கொண்டுவந்த இப்னாப்ஸ் என்னும் மீனின் தலைமீது காணப்பட்ட இரு தட்டையான வெளிர் தகடுகள் ஒளியுறுப்புகள் என்று விளக்கப்பட்டன. அவை உருமாறிய விழித்திரைகள் என்பதை 1959இல்தான் டென்மார்க் ஆய்வாளர் முங்க் நிறுவினார்.

இக்குழப்பத்தை அக்கால அறிஞர்களின் கவனக்குறைவாகக் கொள்வது பொருந்தாது. பல ஒளியுறுப்புகளில் வில்லை உண்டு, ஒளியைத் திருப்பும் படலம் உண்டு, பின்புறம் கருநிறமி உறையும் உண்டு. கண்ணிலும் இவையே காணப்படும். ஒளி உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்பதை உயிரற்ற உடலைக் கொண்டு மட்டும் சொல்லிவிட இயலாது.

2. 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலும் மருத்துவ இயற்கையியலாளரும்

இந்தியக் கடல்களில் ஆழ்கடல் ஆய்வு நடத்த வேண்டும் என்ற கோரிக்கை கல்கத்தாவின் ஆசியவியல் கழகத்திலிருந்து எழுந்தது. 1874இல் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கடல் அளவாய்வுத் துறை தொடங்கப்பட்டது. துறைமுகங்களுக்கும் கப்பல் வழிகளுக்கும் வரைபடம் தயாரிப்பதே அதன் முதன்மைப் பணி. அதனுடன் இயற்கையியலாளர் ஒருவருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த மருத்துவரே அப்பதவியை வகித்தார். கப்பலில் இருப்போருக்கு மருத்துவம் பார்ப்பதும், வலையில் வரும் உயிர்களைப் பாதுகாப்பதும் ஒருவரின் கடமையாயின.

1881இல் பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தில் உருவான 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் நீராவிக் கப்பல் இப்பணிக்கு வந்தது. ஜைல்ஸ், ஆல்காக், ஆண்டர்சன் என அடுத்தடுத்து வந்த மருத்துவ இயற்கையியலாளர்களுள் 1888 முதல் 1892 வரை பணியாற்றிய ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக்கின் பங்கு தனித்து நிற்கிறது. 1859இல் பம்பாயில் பிறந்தவர் அவர். கடல் அமைதியாக இருந்த மாதங்களில் கப்பலிலும், பருவமழைக் காலத்தில் கல்கத்தா சவுரங்கியில் உள்ள இந்திய அருங்காட்சியகத்திலுமாக அவருடைய பணி நடந்தது. அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் வுட்-மேசனும் அவரும் இணைந்து புதிய இனங்களை விவரித்தனர். 1893இல் தாயகம் திரும்பும் வழியில் வுட்-மேசன் கடலிலேயே இறந்தபின் ஆல்காக் அப்பொறுப்பை ஏற்றார். 1899இல் அருங்காட்சியகத்தின் ஆழ்கடல் மீன்களுக்கான விளக்கப் பட்டியலையும், 1901இல் ஆழ்கடல் இறால் வகைகளுக்கான பட்டியலையும், 1902இல் கப்பல் அனுபவங்களைக் கூறும் 'இந்தியக் கடல்களில் ஓர் இயற்கையியலாளர்' என்ற நூலையும் வெளியிட்டார்.

கண்ணைப் பற்றிய புதிரின் இரு முனைகளும் இந்தத் தொகுப்பில் உள்ளன. வங்காள விரிகுடாவிலிருந்து 1890இல் ஆல்காக் விவரித்த டாரெடோஃபிடியம் ஹெக்ஸ்டை என்னும் மீனின் கண்கள் தோலால் மூடப்பட்டவை. 1898இல் அவர் பெயரிட்ட பெந்தோபேடிஸ் மோர்ஸ்பையை என்னும் மின்திருக்கையும் பார்வை குன்றியது. இதற்கு நேர்மாறாக, 1891இல் அவர் விவரித்த பேதிக்ளுபியா ஹாஸ்கினியை பெருங்கண் கொண்ட மீன். அதே ஆண்டில் அவர் உருவாக்கிய லாம்ப்ரோகிராமஸ் என்னும் பேரினப் பெயருக்கு 'ஒளிரும் கோடு' என்பது பொருள். வுட்-மேசனும் ஆல்காக்கும் ஓர் இறாலுக்கு இட்ட 'கோரஸ்கன்ஸ்' என்ற பெயரும் மின்னுவதையே குறிக்கிறது. ஒளியைப் பற்றிய கவனம் பெயரிடுதலிலேயே பதிந்திருக்கிறது.

பெயரோடு அது நிற்கவில்லை. ஹெட்டெரோகார்பஸ் அல்ஃபான்சி என்னும் ஆழ்கடல் இறால் உயிருடன் மேலே வந்தபோது, ஒளிரும் நீர்மத்தைப் புகைபோல வெளியேற்றி வாளி நீரை நீல ஒளியால் நிரப்பியதை ஆல்காக் நேரில் கண்டு பதிவு செய்தார். பிற்காலத்தில் உயிரொளிர்வு பற்றி எழுதியோர் எடுத்தாளும் பதிவுகளுள் இதுவும் ஒன்று. கப்பல் தளத்தில், இரவில், விலங்கு உயிருடன் இருந்த சில நிமிடங்களில் மட்டுமே கிடைக்கக்கூடிய சான்று அது.

3. குடுவை எதைக் காக்கும்?

இந்த வாளியிலிருந்து அருங்காட்சியகத்தின் குடுவைக்கு விலங்கு சென்று சேர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் மையம்.

இழுவலை ஆயிரம் பாகம் ஆழத்திலிருந்து மேலேறப் பல மணி நேரம் பிடிக்கும். ஏறும் வழியில் அழுத்தம் குறைகிறது; வெப்பமண்டலக் கடலில் நீர் வெதுவெதுப்பாகிறது; வலைச்சுமை உடலை நசுக்குகிறது. பெரும்பாலான விலங்குகள் இறந்தே தளத்தை அடைந்தன. பின்னர் சாராயம் உடலின் நிறத்தை எடுத்துவிட்டது. விழித்திரையின் ஒளியுணர் நிறமியோ வெளிச்சம் பட்ட உடனேயே வெளிறும் தன்மை கொண்டது. எனவே குடுவையில் எஞ்சியவை துடுப்புகளின் எண்ணிக்கை, பற்களின் அமைப்பு, கண்ணின் விட்டம் ஆகியவையே. அந்த விலங்கு எந்நிறத்தில் ஒளிர்ந்தது, அந்தக் கண் எந்நிறத்தைக் கண்டது என்ற இரு செய்திகளும் அதில் இல்லை.

வகைப்பாட்டியலுக்கு இது குறையன்று. ஓர் இனத்தின் பெயர் எந்தத் தனியுடலைச் சார்ந்து நிற்கிறதோ அந்த வகைமாதிரியைப் பாதுகாப்பதே அருங்காட்சியகத்தின் முதற்கடமை. அதை அது செவ்வனே செய்தது. 1892 முதல் 1909 வரை வெளிவந்த 'இன்வெஸ்டிகேட்டர்' விலங்கியல் படத்தொகுதிகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. அப்படங்களின் அடியில் ஏ. சி. சௌத்ரி, எஸ். சி. மண்டல் என்னும் வங்க ஓவியர்களின் பெயர்கள் காணப்படுகின்றன. உருக்குலைந்து வந்த உடல்களிலிருந்து முள், செதில், விழி ஆகியவற்றை மீட்டுத் தந்த கைகள் அவர்களுடையவை. அவர்களுக்குப் பெயரேனும் எஞ்சியது. வலையை இறக்கி ஏற்றிய லஸ்கர்களின் பெயர்கள் இனப் பெயர்களில் இடம்பெறவில்லை. ஹெக்ஸ்ட், ஹாஸ்கின், மோர்ஸ்பி என்று மீன்களின் பெயர்களில் நிலைத்தவர்கள் அதிகாரிகள்தாம். இரவில் ஒளிரும் உயிர்களை முதலில் தொட்டுத் தூக்கியவர்கள் எதைக் கண்டார்கள் என்பதைக் கேட்டுப் பதிவு செய்யும் வழக்கமும் அன்றைய நடைமுறையில் இடம்பெறவில்லை.

4. மறு பாதி: நீலத்தின் இயற்பியல்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் நடுவில் ஆல்காக் அருங்காட்சியகத்தை விட்டு விலகி இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1907இல் சந்திரசேகர வெங்கட ராமன் அரசு நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அப்போது பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் இயங்கியது. அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் ராமன் அங்கே ஆய்வு செய்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியரானார்.

1921இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சென்று 'நார்குண்டா' என்ற கப்பலில் திரும்பியபோது மத்தியதரைக் கடலின் அடர்நீலம் அவரது கவனத்தை ஈர்த்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது ராலே பிரபுவின் கருத்து. ராமன் ஓர் எளிய சோதனையைச் செய்தார். நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பிரதிபலிக்கும் ஒளி முனைவாக்கம் பெற்றிருக்கும். நிக்கல் பட்டகத்தைத் தகுந்தவாறு திருப்பிப் பார்த்தால் அந்த ஒளியை நீக்கிவிடலாம். அவ்வாறு வானத்தின் பிரதிபலிப்பை நீக்கிய பின்னரும் கடல் நீலமாகவே இருந்தது. முன்னினும் செறிந்து தோன்றியது. பம்பாய்த் துறைமுகத்தில் 1921 செப்டம்பர் 26 எனத் தேதியிட்டு அவர் எழுதிய கடிதம் அவ்வாண்டு நவம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. குறுகிய அலைநீளம் கொண்ட நீலம் மிகுதியாகச் சிதறுகிறது. நீர் சிவப்பை உட்கவர்வது அந்நிறத்தை மேலும் தெளிவாக்குகிறது. இதுவே அவ்விளக்கத்தின் சாரம். தூசியற்ற காற்றைக் காட்டிலும் நீர் நூறு மடங்குக்கும் மேலாக ஒளியைச் சிதறடிக்கிறது என்பது கல்கத்தாவில் அளவிடப்பட்டது. 1922இல் 'ஒளியின் மூலக்கூற்றுச் சிதறல்' குறித்த அவரது நூலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதன் 1923இல் கடலின் நிறம் பற்றிய ஆய்வைத் தொடர்ந்தார். இந்தப் பாதையே 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவுக்கும், 1930இல் நோபல் பரிசுக்கும் இட்டுச் சென்றது.

உட்கவர்தலையும் சிதறலையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால், ஆழ்கடலின் விலங்கியலுக்கு நேரடியான முடிவு ஒன்று கிடைக்கிறது. தெளிந்த கடல்நீரில் மிக ஆழமாகச் செல்வது ஏறத்தாழ 475 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளி. சிவப்பு முதற்சில பத்து மீட்டர்களிலேயே மறைந்துவிடும். ஆகவே ஆழத்தில் வாழும் கண்ணுக்கு அறிய வேண்டிய நிறம் நீலமே. ஆழத்தில் எரியும் விளக்குக்கும் உகந்த நிறம் நீலமே. ஆல்காக்கின் வாளியில் இறால் உமிழ்ந்த ஒளி நீலமாக இருந்ததற்குக் காரணம் ராமனின் கட்டுரைக்குள் அடங்கியிருந்தது. ஆனால் ராமன் கேட்ட கேள்வி கடலின் நிறம் பற்றியது. நீருக்குள் இருந்து பார்க்கும் கண் அக்கேள்வியின் எல்லைக்குள் வரவில்லை.

5. ஏன் சேரவில்லை?

ஆல்காக்கும் ராமனும் ஒரே காலத்தில் அந்நகரில் பணியாற்றவில்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவு 1916இல் இந்திய விலங்கியல் ஆய்வகமாக உருப்பெற்றது. 'இன்வெஸ்டிகேட்டர்' பெயர் தாங்கிய அடுத்த கப்பலில் 1910 முதல் மருத்துவ இயற்கையியலாளராக இருந்த சீமோர் செவெல், இந்தியக் கடல்களின் வெப்பநிலை, உப்புத்தன்மை ஆகியவற்றை அளந்து, 1925 முதல் ஆசியவியல் கழக வெளியீடுகளில் தொடர்ந்து எழுதினார். அதே ஆண்டில் ஆய்வகத்தின் இயக்குநரும் ஆனார். கடல்நீரின் இயற்பியலை அளந்த விலங்கியலாளரும், கடல்நீரின் ஒளியியலை ஆராய்ந்த இயற்பியலாளரும் ஒரே நகரத்தில், ஒரே ஆண்டுகளில் பணியாற்றினர். 1933இல் இருவரும் கல்கத்தாவை விட்டு நீங்கினர். செவெல் அரபிக்கடலை ஆராயும் ஜான் மரே பயணக்குழுவின் தலைவராகவும், ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் சென்றனர்.

நிறுவனங்களின் அமைப்பை நோக்கினால் பிரிவின் காரணம் விளங்கும். ஆழ்கடல் விலங்கியல் அரசின் கப்பலையும், இராணுவ மருத்துவரின் பதவியையும், அருங்காட்சியகத்தின் பட்டியலையும் சார்ந்திருந்தது. அதன் வெற்றி புதிய இனங்களின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. கழகமோ இந்தியர்கள் தம் நன்கொடையால் எழுப்பி, அரசுப் பிடிக்கு வெளியே நடத்திய ஆய்வுக்கூடம். அதற்குக் கப்பல் கிடையாது. குறைந்த செலவில், மேசைமேல் வைத்துச் செய்யக்கூடிய ஒளியியலே அதன் வலிமை. ஓரிடத்தில் விலங்கு இருந்தது. ஒளியை அளக்கும் கருவி இல்லை. மற்றோரிடத்தில் கருவி இருந்தது. உயிருள்ள விலங்கு இல்லை. காலனிய நகரத்தின் இரு அறிவுலகங்களுக்கிடையில் நடந்து செல்லும் தொலைவே இருந்தும், ஒன்றின் கேள்வியை மற்றொன்றின் மேசைக்குக் கொண்டுசெல்ல முறையான வழி அமையவில்லை.

6. இணைப்பு நிகழ்ந்த இடங்கள்

இணைப்புக்கு மூன்று இழைகள் தேவைப்பட்டன. முதலாவது வேதியியல். 1880களில் பிரெஞ்சு அறிஞர் ராஃபேல் துபுவா, ஒளிரும் வண்டிலும் பின்னர் ஒளிரும் சிப்பியிலும் இரு பொருள்கள் வினைபுரிவதால் ஒளி பிறப்பதைக் காட்டினார். அவற்றுக்கு அவர் இட்ட லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்னும் பெயர்கள் நிலைத்தன. இரண்டாவது அளவீடு. 1950களில் ஆழத்தில் சூரிய ஒளியை அளக்க இறக்கப்பட்ட நுண்ணிய ஒளிமானிகள், விலங்குகளின் மின்னல்களையும் சேர்த்துப் பதிவு செய்தன. ஆழ்கடல் இருள் வெறுமையானதன்று, இடைவிடாத சிறு ஒளிகளால் நிறைந்தது என்பது அதனால் எண்களில் வெளிப்பட்டது. மூன்றாவது கண். ஆழ்கடல் மீன்களின் பார்வை நிறமி நீலத்தை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும் என்று 1936இல் கிளார்க் என்பவரும், பிரித்தானிய ஆய்வாளர் சிலரும் தனித்தனியே கணித்தனர். இருபது ஆண்டுகள் கழித்து, 1956இல், பிளிமத்தைச் சேர்ந்த டென்டனும் வாரனும் ஆழ்கடல் மீன்களின் விழித்திரையை வெளிச்சம் படாமல் எடுத்து ஆராய்ந்தனர். நீலத்தை உட்கவர்வதால் பொன்னிறமாகத் தோன்றிய நிறமி அங்கே இருந்தது. 1957இல் அமெரிக்காவில் மன்ஸ் என்பவரும் இம்முடிவையே எட்டினார்.

இன்று இச்சித்திரம் விரிவாகத் தெரியும். பெரும்பாலான ஆழ்கடல் மீன்களின் பார்வை நிறமி 470 முதல் 490 நானோமீட்டர் வரையிலான ஒளியை மிகுதியாக உட்கவர்கிறது. கடல் உயிரொளிர்வின் பெரும்பகுதியும் நீலத்திலேயே அமைகிறது. கலிஃபோர்னியக் கடற்கரைக்கு அப்பால் நீரிடை வாழ் விலங்குகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை, பார்வைக்குப் பட்ட தனியுயிர்களில் 76 விழுக்காடு ஒளிரும் திறன் கொண்ட வகைகளைச் சேர்ந்தவை என்று கணக்கிட்டது. விதிவிலக்குகளும் சுவையானவை. மலக்கோஸ்டியஸ் என்னும் மீன் கண்ணுக்கடியில் செவ்வொளி விளக்கைக் கொண்டது. பிற விலங்குகள் காணாத அவ்வொளியைத் தான் காண்பதற்குப் பச்சையத்திலிருந்து உருவான பொருளொன்றை விழித்திரையில் பயன்படுத்துகிறது. 2019இல் வெளியான ஆய்வு, டிரெட்மஸ் அர்ஜென்டியஸ் என்னும் மீனின் மரபணுத் தொகுதியில் மங்கலொளிக்குரிய பார்வைப் புரத மரபணுக்கள் 38 இருப்பதைக் கண்டறிந்தது. மனிதருக்கு அவ்வகையில் ஒன்றே உண்டு.

இந்த அறிவோடு திரும்பிப் பார்த்தால் ஆல்காக்கின் புதிரும் அவிழ்கிறது. பெருங்கண்களும் குருட்டுக் கண்களும் இருளின் முரண்பட்ட விளைவுகள் அல்ல. ஏறத்தாழ 1000 மீட்டர் வரை மீனின் கண்ணுக்கு எட்டக்கூடிய சூரிய ஒளி எஞ்சியிருக்கும் தெளிந்த நீரிலும், ஒளிரும் உயிர்கள் மலிந்த நீரிடைப் பகுதியிலும் பெரிய கண் பயன் தரும். கடலடித் தரையில் ஒளிரும் இனங்களின் விகிதம் குறைவு. அங்கே சேற்றையொட்டி வாழும் மீனுக்குத் தொடுவுணர்வும் மணமும், திருக்கைக்கு மின்னுணர்வும் கண்ணைக் காட்டிலும் உதவும். டாரெடோஃபிடியமும் பெந்தோபேடிஸும் கடலடி வாழ்வன. குடுவையில் ஒட்டப்பட்ட சீட்டில் ஆழமும் இடமும் கவனமாக எழுதப்பட்டிருந்ததால்தான் இந்த மறுவாசிப்பு இயலுகிறது. அவ்வகையில் அருங்காட்சியகத்தின் பொறுமை வீணாகவில்லை.

7. விளக்கைக் கொண்டு பார்ப்பதன் விலை

இது முடிந்துபோன கதையன்று. 1986இல் அட்லாண்டிக் கடலடி வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த இறால் ஒன்றுக்கு, கண்ணற்றது என்னும் பொருளில் ரிமிகாரிஸ் எக்ஸோகுலேட்டா என்று பெயரிட்டனர். 1989இல் அதன் முதுகுப்புறத்தில் பெரியதொரு ஒளியுணர் உறுப்பு இருப்பது தெரியவந்தது. பெயர் பொய்த்தது, கண் இருந்தது. 1999இல் வெளிவந்த ஆய்வு மேலும் ஒன்றைக் கூறியது. ஆழ்கடல் ஊர்திகளின் பேரொளி விளக்குகள் அவ்விறால்களின் விழித்திரையை மீட்கவியலாதவாறு சிதைத்திருக்கக்கூடும். இப்பேரினத்தின் மற்றோர் இனம் மத்திய இந்தியப் பெருங்கடல் முகட்டில் வாழ்கிறது.

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், மூவரை 6000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்லும் 'மத்ஸ்யா 6000' ஊர்தியை உருவாக்கி வருகிறது. அத்தகைய ஊர்திகளின் கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே எந்த விளக்கை, எவ்வளவு நேரம் எரியவிடுவது என்பது பொறியியல் முடிவு மட்டுமன்று. பெரும்பாலான ஆழ்கடல் விலங்குகள் காணாத செவ்வொளியைப் பயன்படுத்தியும், விளக்கை அணைத்துக் காத்திருந்தும் உயிரொளிர்வைப் பதிவு செய்யும் முறைகள் ஏற்கெனவே உள்ளன. இழுவலை விலங்கின் ஒளியை அணைத்தது. பேரொளி விளக்கு அதன் கண்ணை அணைக்கக்கூடும். ஊர்தியை வடிவமைக்கும் பொறியாளர், ஒளியை அளக்கும் இயற்பியலாளர், கண்ணை அறிந்த விலங்கியலாளர் ஆகிய மூவரும் தொடக்கத்திலேயே ஒரே மேசையில் அமராவிட்டால், கல்கத்தாவின் பழைய பிரிவு புதிய ஆழத்தில் மீண்டும் நிகழும்.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தபோது திரண்ட கூட்டம், நாக்டிலூக்கா என்னும் ஒற்றைச்செல் உயிரின் ஒளியை வெறுங்கண்ணால் கண்டது. அந்த நீலத்துக்கான இயற்பியலைத் தமிழரான ராமன் கல்கத்தாவில் எழுதினார். அதன் விலங்கியலை மருத்துவர் ஒருவர் வங்காள விரிகுடாவில் ஒரு வாளி நீரில் கண்டார். ராமன் தம் இறுதிக் காலத்தில் பெங்களூரில் பார்வை குறித்து ஆழ்ந்து ஆராய்ந்து, 1968இல் 'பார்வையின் உடலியங்கியல்' என்னும் நூலை வெளியிட்டார். அது மனிதக் கண்ணைப் பற்றியது. அப்போது கல்கத்தாவின் ஆழ்கடல் மீன்கள் தத்தம் குடுவைகளில் எழுபது ஆண்டுகளைக் கடந்திருந்தன.

பௌபஜாரிலிருந்த கழகம் ஜாதவ்பூருக்கும், சவுரங்கியில் பிறந்த விலங்கியல் ஆய்வகத்தின் தலைமையகம் நியூ அலிப்பூருக்கும் இடம்பெயர்ந்துவிட்டன. இன்று அவ்விரண்டுக்கும் நடுவே டாக்குரியா இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல அரைநாள்கூட ஆகாது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னும் தொலைவு தடையாக இருக்கவில்லை. ஒருவர் வைத்திருக்கும் உடலுக்குள் மற்றவரின் கேள்வி இருக்கிறது என்பதை அறியும் ஏற்பாடுதான் அன்று இல்லை. அத்தகைய ஏற்பாட்டை இன்றைய பல்கலைக்கழகத் துறைகளும் ஆய்வு நிறுவனங்களும் எந்த அளவுக்குக் கொண்டுள்ளன என்பதே இவ்வரலாறு மாணவர்முன் வைக்கும் வினா.